நெஞ்சில் எழுதிய பெயர்

ஒன்ராறியோவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குடியியல் ஒரு கட்டாயப் பாடம். சென்ற ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை, மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குசினி மேசைக்கு வந்தாள். தாங்கள் வாழும் நகரத்தில் அரசாங்கம் பிழை விட்ட ஒரு சம்பவத்தை எடுத்து, அந்தப் பிழைக்கு யார் பொறுப்புச் சொன்னார்கள் என்று எழுத வேண்டுமாம்.

"நான் பிறந்த வருசம் ஜி20 எண்டு ஒன்று நடந்திருக்கு அப்பா. நிறையப் பேரை பொலிஸ் பிடிச்சதாம். உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அந்த வார இறுதியைப் பற்றி எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நான் சொன்ன ஒரு வசனம்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. அம்மா யன்னலோரமாக இருந்து பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது ஞாபகம் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த வசனத்தைச் சொல்வதற்கு ஒரு வருடம் பின்னால் போக வேண்டும்.

2009 மே 10. அன்று அன்னையர் தினம். வன்னியில் இறுதி நாட்கள். யூனிவேர்சிற்றி அவெனியூவில் நாட்கணக்காக நின்ற எங்கள் சனம் அன்று மாலை கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி அமர்ந்தது. நானும் அம்மாவும் அதில் இருந்தோம். நான் இங்கிலாந்தில் முதுகலை முடித்துக் கனடாவுக்கு வந்து நாலு வருடம். அம்மா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிள்ளைகளைத் தள்ளுவண்டிலில் வைத்துக்கொண்டு தாய்மார் நின்றார்கள். எங்களுக்கு முன்னால் பொலிஸார் வரிசையாக நின்றார்கள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். சீருடையைக் கண்டால் அவருடைய கை தானாக இறுகும்.

சிறிது நேரம் கழித்து அம்மா என் காதுக்குள் கேட்டார்: "அவையின்ர நெஞ்சில என்ன எழுதியிருக்கு?"

"பேர் அம்மா. அவையின்ர சொந்தப் பேர்."

அம்மா நம்பவில்லை. எழுத்துக்கூட்டி ஒரு பெயரை வாசித்துப் பார்த்தார். பக்கத்தில் நின்றவரின் பெயரையும் வாசித்தார். "பேரைப் போட்டுக்கொண்டு நிக்கினம்" என்றார். அவருடைய பிடி கொஞ்சம் தளர்ந்தது. நள்ளிரவளவில் ஆட்கள் கலைந்து வீடு திரும்பும்போதும் அதையே இன்னொரு முறை சொன்னார்.

அது ஏன் அம்மாவுக்குப் பெரிய விடயமாக இருந்தது என்பதை எங்கள் வீட்டில் யாரும் விளக்க வேண்டியதில்லை. 1996இல் அம்மாவின் தம்பி, என் சின்னமாமா, சைக்கிளில் வேலைக்குப் போன வழியில் மறிக்கப்பட்டார். எனக்கு அப்போது பதினாறு வயது. கண்டவர்கள் இருவர் இருந்தார்கள். சீருடை என்றார்கள். நாலைந்து பேர் என்றார்கள். வாகனத்தில் இலக்கத்தகடு இல்லை. நெஞ்சில் பெயர் இல்லை. அம்மா ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றார். "அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவில்லை" என்பதே எல்லா வாசலிலும் பதில். "ஆர் பிடிச்சது?" என்று அவர்களும் திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அம்மாவிடம் பதில் இல்லை. மனுக்களில் அந்த இடத்தை நிரப்புவதற்கு அவருக்கு ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை.

ஊரில் இன்னொன்றும் நடந்தது. அதைப் பற்றி நாங்கள் குறைவாகத்தான் பேசுவோம். ஒழுங்கையில் கண்டவர்கள் ஆறுதல் சொல்லிவிட்டு, நாலடி போனதும் மெல்லிய குரலில் கேட்டார்கள்: "ஒண்டும் இல்லாமல் சும்மா பிடிப்பாங்களே?" அம்மாவின் காதில் அது விழுந்தது.

இனி 2010க்கு வருகிறேன். ஜூன் 26, 27. சனி, ஞாயிறு. ரொறன்ரோ நகர மையத்தில் ஜி20 தலைவர்களின் மாநாடு. உயரமான வேலி அடித்து ஒரு பகுதியையே அடைத்திருந்தார்கள். மகள் பிறந்து சில வாரங்கள்தான். ஸ்காபரோவில் இரண்டு அறை அப்பார்ட்மென்றில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை கறுப்பு உடுப்பில் வந்த ஒரு கூட்டம் கடைக் கண்ணாடிகளை உடைத்தது. பொலிஸ் கார்கள் எரிந்தன. அதற்குப் பிறகு கைதுகள் தொடங்கின. அன்றிரவு எஸ்பிளனேட் வீதியில் ஒரு விடுதிக்கு முன்னால் இருந்தவர்களைச் சுற்றி வளைத்துப் பிடித்தார்கள். ஞாயிறு மாலை குயின் வீதியும் ஸ்பாடைனாவும் சந்திக்கும் இடத்தில், கொட்டுகிற மழைக்குள், நாலு பக்கமும் பொலிஸார் அடைத்து நிற்க, நூற்றுக்கணக்கானோர் மணிக்கணக்காக நின்றார்கள். ஊர்வலத்தில் வந்தவர்களோடு தெருவில் சும்மா போனவர்களும் அதற்குள் அகப்பட்டிருந்தார்கள்.

திரையைப் பார்த்து நான் சொன்னேன்: "ஒண்டும் இல்லாமல் சும்மா பிடிப்பாங்களே?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து என் மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த வார இறுதியில் பிடிபட்டவர்கள் 1,100 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலானோர்மீது எந்தக் குற்றச்சாட்டும் பதியப்படவில்லை. ஈஸ்ரேர்ன் அவெனியூவில் ஒரு பழைய திரைப்படக் கலையகத்தைத் தற்காலிகத் தடுப்பு நிலையமாக்கி, கம்பிக் கூண்டுகளுக்குள் அவர்களை அடைத்து வைத்திருந்தார்கள்.

மகள் இவற்றையெல்லாம் அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிட்டாள். எனக்குத் தெரியாத பலதும் அவளுடைய திரையில் இருந்தன. பதினைந்து வருடம் இதே நகரத்தில் வரி கட்டி வாழ்ந்த நான், அவளோடு அமர்ந்துதான் முழுக் கதையையும் முதல்முறையாக ஒழுங்காக வாசித்தேன்.

கதை ஒரு சட்டத்தில் தொடங்குகிறது. 1939இல், இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும், அணைக்கட்டுகளையும் மின்நிலையங்களையும் நாசகாரரிடமிருந்து காப்பதற்கு ஒன்ராறியோ ஒரு சட்டம் இயற்றியது. காவலுக்கு நிற்பவர் யாரையும் மறித்துப் பெயர் கேட்கலாம், சோதிக்கலாம், பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். போர் முடிந்தது, சட்டம் இருந்தது. 2010 ஜூன் 2இல், ரொறன்ரோ பொலிஸ் தலைமை அதிகாரி பில் பிளேயரின் வேண்டுகோளுக்கு இணங்கி, டால்ரன் மகின்ரியின் மாகாண அரசு மாநாட்டு வேலிக்குள் அமைந்த பகுதியை அந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. சட்டமன்றத்தில் விவாதம் இல்லை. மக்களுக்கு அறிவித்தல் இல்லை. அரச வர்த்தமானியில் அது அச்சில் வந்தது ஜூலை 3இல், மாநாடு முடிந்து தலைவர்கள் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்த பிறகு.

வேலிக்கு வெளியே ஐந்து மீற்றருக்குள் வருபவர் யாராக இருந்தாலும் அடையாளம் காட்ட வேண்டும் என்று மக்கள் நம்பவைக்கப்பட்டார்கள். மாநாடு முடிந்தபின் கேட்டபோது, அப்படி ஓர் ஐந்து மீற்றர் விதி இருக்கவேயில்லை என்று பிளேயர் ஒப்புக்கொண்டார். அந்த டிசம்பரில் மாகாணக் குறைகேள் அதிகாரி ஆந்திரே மரின் வெளியிட்ட அறிக்கை, அந்த ஒழுங்குவிதியே அநேகமாக அரசியலமைப்புக்கு முரணானது என்றது.

"இல்லாத சட்டத்தை வைச்சே ஆக்களை மறிச்சவையா?" என்று மகள் கேட்டாள். அவளுக்கு அது அதிர்ச்சி. எனக்கும் அம்மாவுக்கும் அது அவ்வளவு புதிதாக இல்லை. அவசரகாலச் சட்டமும் பயங்கரவாதத் தடைச் சட்டமும் எங்களோடு வளர்ந்தவை. தற்காலிகம் என்று வருகிற சட்டங்கள் எவ்வளவு காலம் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். எனக்குப் புதிதாக இருந்தது, அரசாங்கத்தின் சம்பளத்தில் இருக்கும் ஒருவர் ஆறு மாதத்துக்குள் அரசாங்கத்தைப் பிழை என்று எழுதி, அதை எல்லோரும் வாசிக்க வெளியிட்டது.

அதற்கடுத்த பக்கத்தில்தான் மகள் நின்றாள். "அப்பா, இதைப் பாருங்கோ. பேரைக் கழற்றிப் போட்டுத்தான் நிண்டிருக்கினம்."

அந்த வார இறுதியில் பொலிஸார் பலர் தங்கள் பெயர்ப்பட்டிகளைக் கழற்றியிருந்தார்கள். படங்களிலும் காணொளிகளிலும் அது பதிவாகியிருந்தது. ஏறத்தாழ 90 பேருக்குத் தண்டனையாக ஒரு நாள் சம்பளம் வெட்டப்பட்டது.

அவள் தமிழில் சொன்னதால் அம்மாவுக்கும் விளங்கியது. பயத்தங்காய் முறித்த கை நின்றது. "இஞ்சையுமோ?" என்றார்.

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்கு ஆலோசகராகப் போயிருந்தேன். அங்கே ஐந்து பேர் ஒரே நிர்வாகக் கணக்கையும் ஒரே கடவுச்சொல்லையும் பாவித்தார்கள். ஓர் இரவு வாடிக்கையாளர் தரவு ஒரு பகுதி அழிந்துபோனது. பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். எத்தனை மணி எத்தனை செக்கன், எந்தக் கட்டளை, எந்தக் கணினி எல்லாம் துல்லியமாக இருந்தன. செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "அட்மின்" என்று இருந்தது. ஐந்து பேரும் நல்லவர்கள். ஐந்து பேரும் நான் இல்லை என்றார்கள். கடைசியில் ஒரு கூட்டம் போட்டுக் கடவுச்சொல்லை மாற்றினார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்த நிறுவனத்துக்குப் போனாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, ஒரே கணக்கைப் பலர் பாவிக்கிறீர்களா என்பதுதான்.

பெயர்ப்பட்டி இல்லாத சீருடை அந்தப் பொதுக் கணக்கு மாதிரி. என்ன நடந்தது என்று தெரியும். யார் செய்தது என்ற கட்டம் வெறுமையாக இருக்கும்.

அந்தக் கட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதே வார இறுதியில் ஓர் உதாரணம் இருக்கிறது. குயின்ஸ் பார்க்கில் ஒரு போராட்டக்காரரைப் பொலிஸார் நிலத்தில் வீழ்த்தி அடித்தார்கள். பொலிஸாரால் ஒருவர் காயப்பட்டால் விசாரிப்பதற்கென்றே ஒன்ராறியோவில் 1990 முதல் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு ஒன்று இயங்குகிறது. அது விசாரித்தது, அளவுக்கு மீறிய பலம் பாவிக்கப்பட்டிருக்கலாம், ஆனால் பாவித்தவர்களை அடையாளம் காண முடியவில்லை என்று கோப்பை மூடியது. சுற்றி நின்ற அத்தனை பொலிஸாரில் ஒருவருக்கும் சக பொலிஸாரின் முகம் தெரியவில்லை. பிறகு பொதுமக்கள் எடுத்த காணொளி வெளிவந்தது. கோப்பு திரும்பவும் திறந்தது. ஒரு கான்ஸ்டபிள் 2013இல் ஆயுதத்தால் தாக்கிய குற்றத்துக்கு உள்ளானார். முதலில் 45 நாள் சிறை. மேன்முறையீட்டில் அது நன்னடத்தைக் காலமாகவும் சமூக சேவையாகவும் குறைந்தது.

சுற்றி வளைக்கச் சொல்லிக் கட்டளையிட்டவர் சுப்பரின்ரென்டன்ற் மார்க் ஃபென்ரன். 2012இல் பொலிஸுக்கெதிரான முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அலுவலகத்தின் தலைவர் ஜெரி மக்நீலி நீண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டார். அதே வருடம் முன்னாள் நீதிபதி ஜோன் மோர்டன் பொலிஸ் சேவைச் சபையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பொலிஸைக் கண்காணிக்க வேண்டிய அந்தச் சிவில் சபை, திட்டம் என்ன என்று கேட்கவேயில்லை. களநடவடிக்கைகளைப் பற்றிக் கேட்பது தங்கள் வேலை இல்லை என்று நினைத்துவிட்டது என்பதே மோர்டன் கண்டது. ஃபென்ரன் மீதான ஒழுங்கு விசாரணையில் 2015 ஓகஸ்ற்றில் தீர்ப்பு வந்தது. சட்டவிரோதக் கைது இரண்டு, அவப்பெயர் தரும் நடத்தை ஒன்று என மூன்றில் அவர் குற்றவாளி. தண்டனை: 30 நாள் விடுமுறை வெட்டு. மேன்முறையீட்டில் அது 60 நாளானது.

மகள் கணக்குப் பார்த்தாள். "ஆயிரத்து நூறு பேர். அறுபது நாள் ஹொலிடே." ஒரு கசப்பான சிரிப்பு அவளுக்கு வந்தது. பதினைந்து வயதில் அந்தச் சிரிப்பு வந்தது எனக்குக் கவலையாக இருந்தது. ஆனால் அவள் கணக்கில் பிழை இல்லை.

பிறகு 2020 ஒக்ரோபர். பத்து வருடம் இழுபட்ட கூட்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. 1 கோடியே 65 இலட்சம் டொலர். தடுத்து வைக்கப்பட்டவர்களுக்கு அனுபவித்ததைப் பொறுத்து 5,000 டொலரிலிருந்து 24,700 டொலர் வரை. பொலிஸ் தரப்பு பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது. அந்தப் பணம் எங்கள் எல்லோருடைய பணம். சுற்றி வளைக்கச் சொன்னவரின் சட்டைப்பையிலிருந்து வந்ததில்லை.

அந்த ஒக்ரோபரில் கனடாவின் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் யார் என்று மகள் தேடிப் பார்த்தாள். பில் பிளேயர். 2015இல் ஸ்காபரோ தென்மேற்குத் தொகுதியில் லிபரல் கட்சி வேட்பாளராக வென்று பாராளுமன்றம் போனவர். நாங்கள் அப்போது அந்தத் தொகுதியில்தான் இருந்தோம்.

"நீங்கள் ஆருக்கு வோட் போட்டனீங்கள் அப்பா?"

வாக்கு இரகசியம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்குத்தான்" என்றேன். மக்கள் ஒருவரைத் தெரிவது குற்றம் இல்லை. ஆனால் அன்று வாக்குச்சாவடிக்குப் போன எனக்கு மரினின் அறிக்கையும் தெரியாது, மக்நீலியின் அறிக்கையும் தெரியாது. இரண்டு மாதத்துக்கு முன் வந்த ஃபென்ரன் தீர்ப்பும் தெரியாது. எல்லாம் வெளியிடப்பட்டிருந்தன. நான் வாசிக்கவில்லை. ஊரில் ஒரு துண்டுக் கடிதத்துக்காக வாசல் வாசலாக அலைந்த பெண்ணின் மகன், கையெட்டும் தூரத்தில் இருந்த காகிதங்களை வாசிக்கவில்லை. வாசிக்காததற்குக் காரணம் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன வசனம்தான். சும்மா பிடிக்கமாட்டார்கள் என்று முடிவுகட்டிவிட்ட ஒருவருக்கு விசாரணை அறிக்கை எதற்கு?

இந்த இடத்தில் அம்மா வாய் திறந்தார். அவர் பேசியது வேறோர் அதிகாரியைப் பற்றி.

ஓகஸ்ற் மாதம் முழுவதும் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அந்தச் செய்திதான் ஓடியது. இலங்கைப் பொலிஸ்மா அதிபர் தேசபந்து தென்னகோன். 2010ஆம் ஆண்டின் கடைசியில் கைது செய்யப்பட்ட முன்னாள் படைவீரர் ஒருவரைச் சித்திரவதை செய்ததில் அவருக்கும் பொறுப்பு உண்டு என்று 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு மாதம் கழித்து, ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அவரையே நிரந்தரப் பொலிஸ்மா அதிபராக நியமித்தார். 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. 2025 ஓகஸ்ற் 5ஆம் திகதி பாராளுமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. ஆதரவாக 177 வாக்குகள். எதிராக ஒன்றும் இல்லை. இலங்கையில் ஒரு பொலிஸ்மா அதிபரைப் பாராளுமன்றம் நீக்கியது அதுவே முதல்முறை.

"அந்தாளின்ர பேர் தெரிஞ்சபடியால் கோட்டுக்குப் போகேலுமாய் இருந்தது" என்றார் அம்மா. "அடி வாங்கினவர் ஆர் அடிச்சது எண்டு சொன்னவர். பதின்மூண்டு வருசம் போனாலும் சொன்ன பேர் சொன்னபடி கிடந்தது. எங்களுக்குச் சொல்ல ஒரு பேர் இல்லாமல் போச்சு."

மகள் தட்டெழுதுவதை நிறுத்தினாள். சின்னமாமாவைப் பற்றி அவளுக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். வீட்டில் மாட்டியிருக்கும் படம் ஒன்று. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

நான் திரும்ப மேசையைப் பார்த்தேன். சமரச ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை என் கண்ணில் பட்டது. பணத்தையும் வருத்தத்தையும் தவிர, அந்த வார இறுதியில் பிடிபட்டவர்களைப் பற்றிய பொலிஸ் பதிவுகளையும் அழிக்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதோ எல்லை கடக்கும்போதோ அந்தப் பதிவு குறுக்கே வரக்கூடாது. தரவுத்தளங்களில் பதிவுகளை அழிப்பது என் அன்றாட வேலை. ஒரு வரிக் கட்டளை. ஆனால் அந்த ஒரு வரிக்கு அவர்கள் பத்து வருடம் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. பதிவு இருந்ததால்தான் அதை அழிக்கச் சொல்லிக் கேட்கவும் முடிந்தது. இன்ன திகதி, இன்ன இடம், இன்ன பெயர் என்று ஏதோ ஒரு பொலிஸ் கணினியில் அவர்கள் இருந்தார்கள். சின்னமாமாவைப் பற்றி அழிப்பதற்கு எங்கும் ஒரு வரி இல்லை.

"அம்மா" என்றேன். "மகள் பிறந்த நேரம், ரீவியைப் பார்த்து நான் ஒண்டு சொன்னனான்…"

"தெரியும்" என்றார். "அண்டைக்கு எனக்குச் சரியான கோவம். பிறகு யோசிச்சன், சனம் பயத்திலதான் அப்பிடிச் சொல்லுறது. சும்மா பிடிக்கமாட்டாங்கள் எண்டு நினைச்சால்தானே, எங்களைப் பிடிக்கமாட்டாங்கள் எண்டு நித்திரை கொள்ளலாம்."

மன்னிப்புக் கேட்பதற்கு எனக்கு இடம் வைக்கவில்லை. முறித்து முடித்த பயத்தங்காயைக் கிண்ணத்தோடு என் பக்கம் தள்ளினார். நான் எழுந்து போய்க் கழுவினேன்.

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே மகளின் குரல் கேட்டது. அவளுடைய தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறும்.

"அப்பம்மா, உங்கட தம்பியின்ர முழுப் பேர் என்ன? கடைசியில நான் போடப் போறன்."

"ரீச்சர் ஜி20 தானே எழுதச் சொன்னவ?"

"ஆர் பொறுப்புச் சொன்னது எண்டு எழுதச் சொன்னவ. ஒருத்தரும் சொல்லாததையும் எழுதலாம்."

அம்மா முதலெழுத்தோடு பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். திகதியைச் சொன்னார். எந்தச் சந்தி, சைக்கிள் என்ன நிறம், என்ன சேட் போட்டிருந்தவர் என்று அவசரமில்லாமல், எத்தனையோ மனுவில் எழுதிப் பழகிய ஒழுங்கில் சொன்னார். விசைகள் தட்டுப்படும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் அமைதி.

"எழுதிப்போட்டியோ?" என்றார் அம்மா.

"ஓம்."

"எங்கை, ஒருக்காத் திருப்பி வாசி பாப்பம்."